அம்மா கூப்பிட்டதும் எழுந்த பிணம்

பிணமாக நடிப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறையாவது மேடையில் செத்துப் பார்க்க வேண்டும். மூக்கில் ஈ உட்காரும், முதுகு அரிக்கும். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பெற்ற தாய் முன்வரிசையில் இருந்தால் மட்டும் கஷ்டம்.

அறுபதுகளில் நான் பம்பாயில் ஆங்கிலப் படம் ஓடும் தியேட்டர் ஒன்றில் டார்ச் அடித்து ஸீட் காட்டிக்கொண்டிருந்தேன். வீடு தாராவியில். அப்போது ஓர் அமெரிக்க நடிகர்மேல் எனக்குப் பைத்தியம். (பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் ‘இவன் அளக்கிறான்’ என்பீர்கள்.) அவர் படம் வந்தால் எல்லாக் காட்சிக்கும் இருட்டில் நின்று வாய் பிளந்து பார்ப்பேன். அவருடைய வாழ்க்கை எனக்கு மனப்பாடம். சோளக்காட்டு ஊர்ச் சவரக்கடைக்காரரின் மகன். நியூயார்க் போய் நாடகக் கொட்டகையில் ஸீட் காட்டினார், அதாவது என் தொழில். ஒருநாள் பிணமாகக் கிடக்க வேண்டியவன் வராமல் போக, இவரைப் பிடித்துப் படுக்க வைத்தார்கள். அங்கிருந்து எழுந்தவர் நாடக உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கிவிட்டுத்தான் சினிமாவுக்கு வந்தார். சினிமாவில் கொடிகட்டிப் பறந்தபோதும் மேடையை விடவில்லை.

அப்பேர்ப்பட்டவர் நாடகம் போட பம்பாய் வந்தார். ஒரு மாலை எங்கள் தியேட்டருக்கும் வந்தார். ஸீட் காட்டியது நான்தான். கைவசம் இருந்த இங்கிலீஷை எல்லாம் திரட்டி, நானும் நடிகன், ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் எங்கள் தமிழ் நாடகம், அதில் நான் பிணம் என்று சொல்லி முடித்தேன். (சாவதற்கு முன் எனக்கு வசனமும் உண்டு. பதற்றத்தில் விட்டுப்போயிற்று.) அவர் சிரிக்கவில்லை. தானும் அங்கேதான் ஆரம்பித்ததாகச் சொன்னார். கட்டாயம் வருகிறேன் என்றார்.

அம்மா இந்த வேடத்துக்கு ஏற்கெனவே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். “செத்த மாதிரி கெட, வேண்டாங்கல. ஆனா ஒன் கழுத்துல மால விழப்படாது.” உயிரோடு இருப்பவனுக்குப் பிணமாலை போட்டால் ஆயுசு குறையும் என்பது அவள் கட்சி. எங்கள் நாடகக் குழுவின் செக்ரட்டரி செல்லையா அண்ணாச்சி உடனே சம்மதித்தார். அவருக்கு மாலைச் செலவு மிச்சம்.

சொன்னபடி நடிகர் வந்தார். அண்ணாச்சி அவரையே தலைமை தாங்க வைத்துவிட்டார். அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி. அவள் நீட்டிய முறுக்கை வாங்கிக் கடித்துக்கொண்டு, பாஷை தெரியாத நாடகத்தைக் கண் எடுக்காமல் பார்த்தார். அவர் கண்முன்னே நான் குத்துப்பட்டுச் செத்தேன்.

அன்று இரவே அவருக்கு விமானம். தலைமை தாங்க வந்தவர் சீக்கிரம் கிளம்புவதானால், நாடகத்தை அந்த இடத்திலேயே நிறுத்தி, அவரை மேடையேற்றி, மாலை போட்டு அனுப்பிவிட்டுத் தொடர்வது எங்கள் வழக்கம். அதுவரை செத்தவனும் கொன்றவனும் ஓரமாக நின்று சோடா குடிக்கலாம். நான் எழவில்லை. என் நடிப்பை அவர் பார்ப்பதற்கு வாழ்க்கையில் இந்த ஒரு சந்தர்ப்பம்தான்.

அண்ணாச்சி மாலை போட்டுவிட்டுப் பாராட்டிப் பேசினார். நான் சொல்லிக்கொடுத்த சவரக்கடையைக் காணோம். நடிகர் பெரிய மிராசுதார் வீட்டில் பிறந்து யானைமேல் பள்ளிக்கூடம் போனாராம். பிணம் மறுத்துப் பேச முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

பிறகு நடிகரைப் பேசச் சொன்னார்கள். அவர் பேசவில்லை. பலகையில் காலடிச் சத்தம் என்னை நோக்கி வந்தது. மண்டியிட்டார். என் தலைக்குக் கீழே ஒரு கை நுழைந்தது. தம்பியிடம் பேசுவதுபோல் அவர் பாஷையில் மெல்ல என்னவோ சொன்னார். என் கன்னத்தில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. இத்தனை வருஷம் இருட்டில் நின்று நான் பார்த்த முகம், ஒரு சாண் தூரத்தில் எனக்காக அழுதது. நான் நிஜமாகவே செத்துவிட்டேன் என்று எனக்கே துக்கமாகிவிட்டது. அப்போது அவர் தன் கழுத்து மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்.

முன்வரிசையிலிருந்து குரல் வந்தது. “ஏலே, எந்திரிலே.”

எழுந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து அந்தக் குரலுக்கு எழுந்து பழகிய உடம்பு, என்னைக் கேட்கவே இல்லை.

சபை சிரிக்க ஆரம்பித்தது. அவர் சிரிக்கவில்லை. பயந்தவராக ஒரு கணம் பின்வாங்கினார். பிறகு கை நீட்டி என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். உயிர் இருக்கிறது என்று அந்த விரல்களுக்குத் தெரிந்ததும் முகத்தில் வந்தது பாருங்கள் ஒரு சந்தோஷம், அதைப் பார்த்ததும், சிரித்துக்கொண்டிருந்த சபை அப்படியே அடங்கிவிட்டது. என்னை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டார். மாலையைக் கழற்றி எடுத்துப் போய் அம்மா கையில் கொடுத்துவிட்டு, வாசலை நோக்கி நடந்தார். சபை மொத்தமும் எழுந்து நின்றது. அவரைப் போல ஒரு நடிகனை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மிச்ச நாடகம் முழுக்க என் சாவுக்குப் பழிவாங்குவது. தம்பி வேடக்காரன், ‘அண்ணனைக் கொன்றவனை விடமாட்டேன்’ என்று தொடை தட்டினான். “ஒங்க அண்ணன் அந்தா சோடா குடிக்கானே” என்றார் பின்வரிசையில் ஒருவர். பாதியிலேயே திரை விழுந்தது. அண்ணாச்சி அதற்குப் பிறகு எனக்குத் திரை இழுக்கும் வேலைகூடத் தரவில்லை.

எங்கள் வீட்டில் காலையில் எழ மறுப்பவர்களை இன்றைக்கும், “எந்திரிலே, வெள்ளக்காரன் மால போட்டுட்டான்” என்றுதான் எழுப்புகிறோம். பேரப்பிள்ளைகள் இந்தியில் முனகிக்கொண்டு எழுந்திருக்கும்.

சில வருஷம் கழித்து அவர் இறந்த செய்தி பேப்பரில் வந்தது. அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

“இவனப் பெத்தவ பக்கத்துல இல்லியோ?”

அந்த அம்மா முன்னாலேயே போய்விட்டாள் என்றேன்.

“அதான் எந்திரிக்கல” என்றாள்.