மூன்றாம் மாடியில் நிற்காத கடிதம்

எனக்குக் காய்ச்சல் என்றால் எங்கள் வீட்டில் யாரும் மருந்து தேட மாட்டார்கள், முதலில் சிரிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏழாம் வகுப்பில் நான் செய்த காரியம் அப்படி.

ரங்கூன் நகரின் பபேடான் பேட்டையில் நாங்கள் நான்காம் மாடி. என் கணக்கு சயாமா, அதாவது ஆசிரியை, மூன்றாம் மாடி. (எந்த மாணவனுக்கும் வரக்கூடாத சோதனை.) படியேற அலுத்துப்போன ஊர் என்பதால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். மேலே மணி, கீழே கிளிப். பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை அசைப்பார். மணி அடித்ததும் வீட்டுக்காரர் மேலே இழுத்துக்கொள்வார்.

கணக்குப் பரீட்சையன்று நண்பனோடு ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலேறி இன்சீன் சந்தைக்குப் போவதாகத் திட்டம். ஏற்கெனவே இரண்டு முறை மட்டம் போட்டிருந்தேன். இனி வாப்பாவின் கடிதமில்லாமல் வராவிட்டால் ஆண்டுத் தேர்வு எழுத விடமாட்டேன் என்று சயாமா சொல்லியிருந்தார். கையைக் கட்டி, தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். (அதில் மட்டும் நான் வகுப்பிலேயே முதல்.)

ஆகவே நானே வாப்பாவாகிக் கடிதம் எழுதினேன். மகனுக்குக் கடும் காய்ச்சல், மூன்று நாள் எழுந்திருக்க முடியாது. பர்மிய எழுத்துகளை உருட்டி உருட்டி எழுதி, அடியில் வாப்பாவின் கையெழுத்தையும் போட்டேன். காலையில் வெள்ளைச் சட்டை, பச்சைக் கைலிப் பள்ளிச் சீருடையோடு நல்ல பிள்ளையாக இறங்கி, சயாமாவின் சிவப்புக் கிளிப்பில் மாட்டி, மணியடித்துவிட்டு, காத்திருந்த நண்பனோடு எதிர் டீக்கடையில் பதுங்கினேன்.

கடிதம் ஏறியது. முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. அங்கே நிற்கவில்லை.

பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்த வாப்பா, முந்தின நாள்தான் எங்கள் நீலக் கிளிப்பைக் கழற்றிவிட்டுச் சிவப்பு மாட்டியிருக்கிறார். கூடவே இருந்த எனக்கு அது தெரியவில்லை. நான்காம் மாடியில் அவர் தான் எழுதாத தன் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிறகு தெருவைப் பார்த்தார். நண்பன் அதற்குள் காணாமல் போயிருந்தான்.

"மேல வா மவனே. கடுங்காய்ச்சல்ல வெயில்ல நிக்கக் கூடாது."

அடி விழும் என்றுதான் ஏறினேன். அவரோ பாயை விரித்து உம்மாவைக் கூப்பிட்டார்.

"எழுத்து என்னோடதைவிட நல்லாவே இருக்கு. மூணு நாள்னு என் பேர்ல எழுதியாச்சு. நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன்."

இரண்டு கம்பளி. மின்விசிறி கிடையாது. உப்பில்லாத கஞ்சி. அடுப்படியில் ஆட்டுக்கறி மணந்தது, அது ஆரோக்கியமானவர்களுக்கு. கடிதத்தை வாப்பா அதே கிளிப்பில் மாட்டி ஒரு மாடி கீழே இறக்கிவிட்டார்.

சாயங்காலம் சயாமா ஆரஞ்சுப் பழங்களோடு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் பதறினார். கம்பளிக்குள் வெந்துகொண்டிருந்த நெற்றி சுடாமல் என்ன செய்யும்? பரீட்சையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"ரொம்பத் தள்ள வேணாம் சயாமா, நாலாம் நாளே வைங்க. படிப்புன்னா உசுரை விடுவான்," என்றார் வாப்பா.

மூன்று நாளும் கம்பளிக்குள் கிடந்தே கணக்குப் போட்டேன். அந்தப் பரீட்சையில் தேறினேன். ஆண்டுத் தேர்வையும் எழுதினேன். நோயிலும் படித்தவன் என்று சயாமா என்னை வகுப்பு முன்னால் நிறுத்திப் பாராட்டியதுதான் பெரிய தண்டனை.

போன வாரம் எனக்கு நிஜமாகவே காய்ச்சல். கம்பளிக்குள் முனகிக்கொண்டிருந்தேன். என் மகள் பால்கனிக்குப் போய்க் கயிற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இன்னும் கடிதம் வரலையே வாப்பா?"