பிரேக்கு முசியேவும் ஒரு பொட்டுக் காற்றும்

உருண்டையாக இருக்கிற எதற்கும் இடது, வலது கிடையாது என்று நாற்பத்தாறு வயது வரை நம்பியவன் நான். இட்லிக்கு உண்டா? பூசணிக்காய்க்கு உண்டா? சக்கரத்துக்கு மட்டும் எங்கிருந்து வரும்? இந்த நம்பிக்கையோடுதான் மச்சானுடைய படகு வண்டியின், அதாவது டிரெய்லரின், இரண்டு சக்கரங்களையும் கழற்றினேன். உள்ளே இருந்த பிரேக் சாமான்களைப் பிரித்து, துரு சுரண்டி, நீலப் பெயின்ட் அடித்து, மறுபடி மாட்டி, பிரேக் ஆயிலும் ஊற்றினேன். ஒரு திருகாணிகூட மிச்சமாகவில்லை. அந்தப் பெருமையில் இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டேன்.

இந்தக் கைங்கரியத்தால்தான் எனக்குப் பிரேக்கு முசியே கிடைத்தார். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. அவர் ஒருவர் இல்லாமல் போயிருந்தால் புதுச்சேரியில் பாதி வண்டிகள் கடலுக்குள் போய்த்தான் நின்றிருக்கும்.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு தகர ஷெட் வைத்திருந்தார். பிரேக் மட்டும்தான் பார்ப்பார். எஞ்சின் இரைகிறது, ஹாரன் அடிக்கவில்லை என்று யாராவது ஆரம்பித்தால், "ஓடறது ஒன் கவல. நிக்கறதுதான் என் கவல" என்பார். ஒரு கார் அவர் வாசலிலேயே செத்து நின்றபோது, குனிந்து பார்த்துவிட்டு, "பிரேக்கு பிரமாதம்" என்று பாராட்டி, நான்கு பேரை வைத்துத் தள்ளி அனுப்பினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுப்பார். எழுந்து வந்தால் ஒரு பொட்டுக் கறை இருக்காது. ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். வண்டிதான் பேர். ஊரே எழுந்து நிற்கிற ஒரு டாக்டரம்மா அவருக்கு 'ஸ்கூட்டரம்மா'. நெல்லித்தோப்பில் படங்களுக்கு ஃபிரேம் போட்டுப் பிழைக்கிற நான், முதல் நாளே 'டிரெய்லரு' ஆகிவிட்டேன்.

படகு வந்த கதை இதுதான். மச்சானுக்கு பிரான்சில் வேலை. லீவில் வரும்போது மீன் பிடிக்கவென்று வாங்கிய படகு, அதை ஏற்றுகிற வண்டி, இழுக்கிற பழைய ஜீப் மூன்றையும் கருவடிக்குப்பத்துக் காலி மனையில் என் பொறுப்பில் விட்டிருந்தார். ஒரு புதன்கிழமை போன் செய்தார்.

"மாப்ள, சனிக்கிழம வர்றேன். ஞாயித்துக்கிழம அப்பாவ கடலுக்குக் கூட்டிட்டுப் போறோம். வண்டி ரெடிதானே?"

"புதுசு மாதிரி வெச்சிருக்கேன் மச்சான்."

என் மாமனாருக்கு அப்போது எண்பத்து நான்கு. கடற்கரைச் சாலையில் தினமும் நடந்தே வயதானவர். முழங்கால் விட்டுப்போய் ஒரு வருடமாக வீட்டோடு இருந்தார். இத்தனை வருஷம் கரையிலிருந்து கடலைப் பார்த்தாயிற்று, ஒரு தடவை கடலிலிருந்து கரையைப் பார்க்க வேண்டும். அவர் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். மச்சானுக்கு அடுத்த லீவு எப்போது கிடைக்கும் என்பதும், மாமனாருக்கு அதுவரை உடம்பு எப்படி இருக்கும் என்பதும் யாருக்கும் தெரியாது.

வெள்ளோட்டம் பார்க்கலாமே என்று அன்று மாலையே வண்டியை ஜீப்பில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நெல்லித்தோப்பு சிக்னலில் சிவப்பு. மிதித்தேன். ஜீப் நின்றது. பின்னால் வந்த படகுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அது ஜீப்பை நெட்டித் தள்ளியது. இரண்டே விநாடிதான். அதற்குள் மாதாவுக்கு நூறு மெழுகுவர்த்தியும் பிள்ளையாருக்கு நூறு தேங்காயும் வேண்டிக்கொண்டேன். ஒரு தக்காளி வண்டியை உரசிக்கொண்டு ஜீப் நின்றது. ஒரே ஒரு தக்காளி கீழே விழுந்தது. தக்காளிக்கார அம்மா என்னையும் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்ற படகையும் பார்த்தார்.

"இன்னா சார், கடலு அந்தாண்ட இருக்குது."

மறுநாள் காலை, நடக்கிற வேகத்தில் ஜீப்பை ஓட்டி, வண்டியை இழுத்துக்கொண்டு முசியேவின் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். சிக்னலில் நடந்ததையும் ஞாயிற்றுக்கிழமைக் கடல் பயணத்தையும் சொன்னேன். அவர் ஜீப்போடு மாட்டுகிற கொக்கியை ஒரு முறை கையால் அமுக்கிப் பார்த்தார்.

"யாரு கை வெச்சது?"

"ஒரு மெக்கானிக்கு, முசியே."

"பேரு?"

"கேக்கல. ஊர வுட்டுப் போயிட்டான்."

இந்த மாதிரி வண்டிக்கு மிதிக்கிற பெடல் கிடையாது. முன்னால் ஜீப் நின்றால், பின்னால் வருகிற வண்டி அதன்மேல் சாயும். அந்தச் சாய்வு கொக்கிக்குள் இருக்கிற சிலிண்டரை அமுக்க, ஆயில் குழாய் வழியே போய், காலிப்பர் என்கிற கவ்வியால் சக்கரத்தைப் பிடிக்கும். நடுவில் காற்று புகுந்துவிட்டால் அமுக்கின பலமெல்லாம் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே போய்விடும். நான் வாங்கி வைத்திருந்த ஆயில் டப்பாவை நீட்டினேன்.

"எப்பத் தொறந்தது?"

"போன வருஷம்."

"தொறந்த டப்பா காத்துலேர்ந்து தண்ணியக் குடிச்சிக்கும். வேற வாங்கினு வா."

வாங்கிக்கொண்டு வந்தேன். கடப்பாரையால் கொக்கியை நெட்டி அமுக்க வேண்டியது என் வேலை. அவர் சக்கரத்தருகே படுத்து, நிப்பிள் என்கிற சின்னக் காற்றுத் திறப்பில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, அதன் மறுமுனையை ஆயில் இருந்த பாட்டிலில் விட்டிருந்தார். "அமுக்கு" என்பார். நிப்பிளைத் திறப்பார். குழாயில் குமிழிகள் வரும். அவற்றை "அன்... தெ... த்ருவா..." என்று பிரெஞ்சில் எண்ணுவார். நிப்பிளை மூடிவிட்டு, "விடு" என்பார். அவர் மூடும்வரை நான் விடக்கூடாது. விட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். நாற்பதாவது தடவையில் எனக்குத் தும்மல் வந்து, கடப்பாரை கைநழுவியது.

வண்டிக்கு அடியிலிருந்து "மொதல்லேர்ந்து" என்று மட்டும் ஒரு குரல் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குமிழி வருவது சுத்தமாக நின்றது. கொக்கியை அமுக்கினேன். ஊறவைத்த பஞ்சு மாதிரி உள்ளே போயிற்று. குழாயை மாற்றினார். சிலிண்டரைப் பிரித்துப் பார்த்தார். எங்கேயும் கசிவில்லை. மறுபடி காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தோம். மறுபடி பஞ்சு. சாயங்காலம் முசியே தன் டீயைத் தொடவே இல்லை. அவருடைய வெள்ளைச் சட்டையின் முழங்கையில் சின்னதாக ஒரு கறையைப் பார்த்ததும் ஞாயிற்றுக்கிழமை கடல் இல்லை என்றே முடிவு கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை காலை. மச்சான் விமானத்திலிருந்து இறங்கிவிட்ட நேரம். முசியே சக்கரத்துக்கு எதிரே முக்காலி போட்டு, ஒன்றும் செய்யாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய் அடுத்த சக்கரத்தைப் பார்த்தார்.

"டிரெய்லரு, இங்க வா. நிப்பிளு எந்தப் பக்கம் பாக்குது?"

"கீழ."

"காத்து எங்க நிக்கும்?"

"மேல."

"கீழ கதவத் தொறந்து வெச்சிட்டு, மேல நிக்கறவன வெளிய போடான்னா எப்டிறா போவான்?" என்றார். "இடது காலிப்பர வலதுலயும், வலத இடதுலயும் மாட்டி வெச்சிருக்கான் அந்த மெக்கானிக்கு."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம், இரண்டையும் கழற்றி இடம் மாற்றிக்கொண்டே, அந்த மெக்கானிக்கைத் திட்டினார். தமிழ் தீர்ந்தபோது பிரெஞ்சு, பிரெஞ்சு தீர்ந்தபோது மறுபடி தமிழ். நான் சும்மா நின்றால் சந்தேகம் வருமே. ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே நானும் சேர்ந்துகொண்டேன்.

"கண்ணு தெரியாதவனா இருப்பான் முசியே."

"கண்ணு இருக்கும். மூள?"

"அது பொறக்கறப்பவே இருந்திருக்காது."

"கரெக்டா சொன்ன" என்று என்னை நிமிர்ந்து பார்த்தார். நன்றாக ஒரு நிமிடம் பார்த்தார்.

நிப்பிள் மேலே வந்த பிறகு ஏர் எடுக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பதினொரு குமிழி. கொக்கி கல் மாதிரி ஆனது. அவர் டீ கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. முன் சீட்டில் மாமனார், பின்னால் மச்சான், அதற்கும் பின்னால் படகு. நெல்லித்தோப்பு சிக்னலில் அதே சிவப்பு. ஓரமாக அதே தக்காளி வண்டி. அதன் பக்கத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், இரண்டு கைகளிலும் இரண்டு மரக்கட்டைகளோடு முசியே நின்றுகொண்டிருந்தார். வண்டி நிற்காவிட்டால் சக்கரத்துக்கு அடியில் போட ஆயத்தமாக, கபடி விளையாடுகிறவர் மாதிரி முழங்காலை மடக்கிக்கொண்டு.

மிதித்தேன். ஜீப் நின்றது. படகும் நின்றது. கோட்டுக்கு இரண்டு முழம் முன்னாலேயே.

"யாரு மாப்ள இவரு?" என்றார் மச்சான்.

நான் பதில் சொல்வதற்குள் முசியே ஜன்னல் பக்கம் வந்துவிட்டார். மாமனாருக்கு "பொன்ழூர், முசியே" என்று ஒரு வணக்கம் வைத்தார். கட்டைகள் இரண்டையும் என் காலடியில் போட்டார்.

"சரிவுல பின்னால எறக்கறப்ப வண்டி ஜீப்பு மேல சாயாது. அப்ப இந்த பிரேக்கு புடிக்காது. இத சக்கரத்துக்குக் கீழ வெச்சிக்க. உப்புத் தண்ணில எறக்குனா நல்ல தண்ணில கழுவு. பச்ச வுழுந்துடுச்சி, போ."

சைக்கிளில் ஏறி, எதிர்ப் பக்கமாக, பிரேக் தேவையே படாத வேகத்தில் போய்விட்டார்.

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகு இறங்கியது. மாமனார் ஒரு மணி நேரம் கரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் இப்போது இல்லை, முசியேவும் இல்லை. கட்டைகள் மட்டும் ஜீப்பின் சீட்டுக்கு அடியில் இருக்கின்றன. அன்று சரிவில் சக்கரத்துக்கு வைக்கக் குனிந்தபோதுதான் அவற்றைச் சரியாகப் பார்த்தேன். பிரேக் சாமான்களுக்கு நான் அடித்த அதே நீல நிறத்தில், ஒன்றில் 'இடது' என்றும் மற்றதில் 'வலது' என்றும் எழுதியிருந்தார்.