ஜாவா ஏறின கதை

தரணிதரன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் கம்ப்யூட்டரில் ஜாவாவை ஏற்றிக் காட்டுவது.

தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போன வருஷம் அது. குன்னூரில் அவர் இருபது வருஷம் வேலை பார்த்த ஏலக் கம்பெனியை இழுத்துப் பூட்டினார்கள். போகும்போது ஆளுக்கொரு பழைய சாமான். ஒருத்தருக்கு நாற்காலி, ஒருத்தருக்கு டீ ருசி பார்க்கும் கோப்பைகள். இவருக்குக் கம்ப்யூட்டர்.

கூட வேலை பார்த்த லெஸ்லி, குன்னூரிலேயே பெட்ஃபோர்டு பக்கம் புதுசாகக் கம்ப்யூட்டர் ஆபீஸ் போட்டிருந்தார். "ஜாவான்னு ஒரு பாஷை. இனி அதுலதான் பொழப்பு. ஊட்டுல ஏத்தி, சரியா ஏறிடுச்சான்னு பார்த்துட்டு போன் பண்ணுங்க. வேலை உங்களுக்குத்தான்" என்று ஒரு சி.டி.யும் ஒரு தாளும் கொடுத்தார்.

பெயரைக் கேட்டதுமே தரணிதரன் உருகிப்போனார். அவர் வீட்டு விறகுக் கொட்டகையிலும் ஒரு ஜாவா நின்றது. மோட்டார் சைக்கிள். கல்யாணமான புதிதில் பங்கஜத்தை அதில் ஏற்றிக்கொண்டு ஜெகதளா வரைக்கும் போவார். பனிக்கு அவள் அவருடைய கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொள்வாள். அதை நினைத்தால் அவருக்கு இன்னமும் நெஞ்சை அடைக்கும். பங்கஜத்துக்கு அடைத்தது கொட்டகைதான்.

"ஏனுங்க, அந்த வண்டியப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுரலாங்களா?"

"ஞாயித்துக்கெழமைக்குள்ள ஜாவாவ ஏத்திட்டேன்னா வண்டிமேல நீ கை வெக்கக் கூடாது."

"ஏத்தலீன்னா?"

"இரும்புக்காரன நானே கூப்பிடறேன்."

சி.டி. சுற்றியது. முடிந்தது என்றது. தாளை நாலாக மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார். பிறகு லெஸ்லி சொன்னபடி கறுப்புத் திரையில் 'ஜாவா வெர்ஷன்' என்று ஒரு வரி அடித்தார். ஏறியிருந்தால் அது பதில் சொல்ல வேண்டும்.

'பேட் கமாண்ட்' என்றது திரை.

"என்னங்க சொல்லுது?"

"என் கமாண்ட் சரியில்லையாம்."

"உங்க கமாண்ட இந்த ஊட்ல ஆரு கேட்டிருக்கறாங்க, அது கேக்கறதுக்கு?"

குளிர்தான் காரணம் என்று தீர்மானித்தார். வண்டி ஜாவாவும் பனிக்காலத்தில் முதல் உதைக்குக் கிளம்பாதே. கம்ப்யூட்டருக்குக் கம்பளி போர்த்தி நாலு தரம் அடித்தார். நாலு தரமும் பேட் கமாண்ட். ஞாயிறு மத்தியானம் கொட்டகைக்குப் போய், பாவம், வண்டி சீட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

திரும்பி வந்து கடைசியாக ஒருமுறை அடித்தார். ஜாவா தன் பெயரையும் நம்பரையும் கடகடவென்று ஒப்பித்தது.

"பங்கஜம், இங்க வா. ஏறிருச்சு பாரு. வண்டி பொழைச்சுது."

"மேஜை ஆடுதுங்களா?"

குனிந்து பார்த்தார். தாளைக் காணோம். அந்த இடத்தில் ஒரு விறகுச் சிம்பு இருந்தது.

"எடுத்துப் படிச்சனுங்க. ஜாவா அன்னைக்கே ஏறிருச்சாமா. அது எங்க கெடக்குதுன்னு கம்ப்யூட்டருக்கு வழி எழுதிக் குடுக்கோணுமாம். நீங்க கொட்டகையில இருக்கறப்ப எழுதிட்டேன். லெஸ்லியண்ணனுக்கும் போன் பண்ணிட்டனுங்க."

"என்ன சொன்னாரு?"

"தாளைப் படிக்கற ஆளுதான் வேணுமாம். நாளைக்கு ஒம்பது மணிக்கு என்னை வரச் சொல்லீட்டாரு."

"அப்ப வண்டி?"

"அது இல்லீன்னா என்னை எதுலீங்க கொண்டு போய் உடுவீங்க?"

சாயங்காலமெல்லாம் துடைத்து எண்ணெய் விட்ட ஜாவா, திங்கட்கிழமை முப்பதாவது உதைக்குக் கிளம்பியது. மேட்டில் ஏறும்போது பங்கஜத்தின் கை பழையபடி அவர் கோட்டுப் பைக்குள் நுழைந்தது. தரணிதரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் ஆபீஸ் வாசலில் இறங்கிய பிறகுதான் பையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே வீட்டுச் சாவி.

"அரிசி ஊறப் போட்டிருக்கறனுங்க. குக்கர் மூணு விசில். கமாண்ட் புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுதுங்க" என்றார் தரணிதரன்.