எல் போர்டு மாட்டிக்கொண்ட முதலாளி

மதிப்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் காரும் நலம். மூவரில் காருக்குத்தான் போன மாதம் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் இருந்தது. அங்கே உங்கள் நலமும், அக்காவின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

சென்ற முறை வந்தபோது என் டிரைவிங் ஸ்கூல் அலுவலகத்தில் உட்கார்ந்து, காலி நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மாப்ளே, உங்க கண்ணுக்குத் தெரியிற கடை வேற, வர்றவங்க கண்ணுக்குத் தெரியிற கடை வேற. நீங்களும் கொஞ்சம் கத்துக்கணும்" என்றீர்கள். நான் சிரித்தபடி தேநீர் கொடுத்தேன். உள்ளுக்குள் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கே கற்றுக்கொடுக்கிறவனைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால் உண்மையைச் சொல்லவே இந்தக் கடிதம். கற்றுக்கொண்டேன், மச்சான். இன்றைக்கு இந்தத் தொழிலில் வாடிக்கையாளர் மனதை என்னைவிடத் தெரிந்தவன் இல்லை என்று துணிந்து சொல்வேன்.

நீங்கள் போன பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. பதினான்கு பேர் இருந்த இடத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள். அதில் ஒருவர் என் பல் டாக்டர், முகதாட்சண்யத்துக்காக வந்தவர். இரண்டு தெரு தள்ளிப் புதிதாகத் திறந்திருந்த பள்ளியில் மட்டும் காலை ஏழு மணிக்கே வரிசை நின்றது. என்னிடம் படித்தவர்கள் பெரும்பாலும் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிடுவார்கள், அங்கே அப்படியில்லை என்று கேள்வி. பிறகு ஏன் அங்கே போகிறார்கள் என்று மண்டை காய்ந்தது. கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தேன். ஏதோ கோளாறு இருப்பதால்தான் குறைக்கிறார் என்று பேசிக்கொண்டார்களாம். காரின் இடது கதவில் ஒரு நசுங்கல் உண்டல்லவா, எத்தனை பேரைத் தேற்றியிருக்கிறேன் பாருங்கள் என்பதற்கு அதை ஒரு பதக்கம் போல விட்டுவைத்திருந்தேன். தெருவில் போகிறவர்களுக்கு அது பதக்கமாகப் படவில்லை. சொல்லிக்கொடுக்கிறவரே இடித்துவிட்டார் போல என்று ஒரு அம்மா தன் மகளிடம் சொல்லிக்கொண்டு போனது என் காதிலேயே விழுந்தது.

சரி, அங்கே அப்படி என்னதான் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோமென்று, ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அந்தப் பள்ளியிலேயே மாணவனாகச் சேர்ந்தேன். ஓய்வுபெற்ற தபால்காரன், ஓட்டிப் பழக்கம் விட்டுப்போயிற்று என்று சொன்னேன். ஒரு பெண், நம் வீட்டுப் பிள்ளைகள் வயதுதான் இருக்கும், அவள்தான் டீச்சர். ஒருவர் ஓட்டும்போது அடுத்தவர் பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கில் இருந்தவர் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைச் சரி செய்தார். அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தது உங்கள் தங்கை.

வாரம் மூன்று நாள் தையல் வகுப்புக்குப் போவதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். இரண்டு மாதமாகியும் ஒரு தலையணை உறைகூட வீட்டுக்கு வரவில்லையே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. முன்பின் தெரியாதவர்கள் போல இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். வண்டி கிளம்பியதும் அவள் கை நடுங்கியது. இத்தனை நாள் நன்றாகத்தானே ஓட்டினீர்கள், இன்றைக்கு என்ன பயம் என்று டீச்சர் விசாரித்தாள்.

"எனக்கு லாரியைப் பார்த்தா பயமில்லைம்மா. முன்னாடி ஒருத்தர் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாரு. அந்தக் குரல் ஞாபகம் வந்தாத்தான் கை நடுங்குது" என்றாள் உங்கள் தங்கை.

டீச்சர் என் பக்கம் திரும்பி, சார் கொஞ்சம் ஜன்னல் வழியாக வெளியே பாருங்கள் என்று தன்மையாகச் சொன்னாள். பார்த்தேன். கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு நாற்பது நிமிஷம் வெளியே பார்த்தேன். அந்த நாற்பது நிமிஷத்தில் அவள் மேம்பாலம் ஏறி இறங்கி, இரண்டு வேன்களுக்கு நடுவே ரிவர்ஸில் வண்டியைச் செருகி நிறுத்தினாள். நான் கிளட்சை விடு என்று ஒரு தரம்கூடச் சொல்லாமலேயே அது நடந்தது.

அடுத்து என் முறை. சிரிக்காதீர்கள் மச்சான், இருபத்திரண்டு வருஷமாக நான் ஓட்டியதெல்லாம் பக்கத்து சீட்டிலிருந்துதான். பக்கத்தில் ஒருவர் நம்மையே பார்த்துக்கொண்டிருக்க ஓட்டுவது வேறு சங்கதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாற்சந்தியில், பச்சை விழுந்த நேரத்தில், இன்ஜின் அணைந்துபோனது. பின்னால் அத்தனை ஹாரனும் ஒரே நேரத்தில். என் காது சுட்டது. இதோ திட்டு விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"அவசரமில்ல சார். அவங்க காத்திருப்பாங்க. மெதுவா எடுங்க" என்றாள் அந்தப் பெண்.

அவ்வளவுதான் சொன்னாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. அதே இடத்தில் அதே தவறு செய்த எத்தனை பேரிடம் நான் என்னென்ன கேட்டிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக நினைவு வந்தது. அவர்கள் லைசென்ஸ் வாங்கினார்கள், உண்மை. ஆனால் அவர்களில் ஒருவராவது தம்பியையோ தங்கையையோ என்னிடம் அனுப்பவில்லை. நான் லைசென்ஸை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்களோ வாங்கிய திட்டை எண்ணியிருக்கிறார்கள்.

வீட்டுக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்தோம். அவள் காய் நறுக்க உட்கார்ந்தாள். நான் எதிரே உட்கார்ந்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். கத்தியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி, நீங்க எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்த மூணாவது நாள், நடுரோட்டுல என்னை இறங்கச் சொன்னீங்க. நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

இல்லை மச்சான். அவளுக்கு ஆர்வம் இல்லை, விட்டுவிட்டாள் என்றுதான் உங்களிடமே நான் சொல்லியிருக்கிறேன். அது பொய். பொய் என்று தெரியாமல் சொன்ன பொய். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், உங்களிடமும் கேட்கிறேன்.

மறுநாளே வேலையில் இறங்கினேன். நசுங்கலை நிமிர்த்தினேன். யார் சேர வந்தாலும் முதலில் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்கிறேன், பதிலை முழுதாகக் கேட்கிறேன். அவர்கள் ஓட்டும்போது வாயில் ஒரு மிட்டாயை அடக்கிக்கொள்கிறேன், கத்த வந்தால் அது தடுக்கிறது. உங்கள் தங்கையும் சென்ற மாதம் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். இப்போது புதிதாகப் பன்னிரண்டு பேர் படிக்கிறார்கள். எல்லாம் என் புதிய முறையின் பலன். உங்கள் ஊரில் கடை வைத்திருப்பவர்கள் யாருக்காவது ஆலோசனை தேவைப்பட்டால் தயங்காமல் என்னிடம் அனுப்புங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் இருவர் ஆசியும். உங்கள் வழியில் எப்போதும் பச்சை விளக்கே எரியட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: ஒன்றை எழுத விட்டுவிட்டேன். நான் குரலை உயர்த்தினால் தோளில் தட்டுவதற்காக உங்கள் தங்கை தினமும் பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறாள். எங்களிடம் ஏன் சேர்ந்தீர்கள் என்று இன்று மாலை பன்னிரண்டு பேரையும் கேட்டேன். பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் முதலாளியம்மா நல்லவர் என்று கேள்விப்பட்டு வந்தார்களாம். முன்னால் இருக்கிறவர் இப்போதுதான் வேலை பழகுகிறார் போல, பரவாயில்லை, போகப் போகச் சரியாகிவிடுவார் என்றார்கள். நான் மறுக்கவில்லை.