நெல்லிக்கு ஊசி போடாததற்கு என் தரப்பு நியாயம்

அன்பும் மரியாதையும் உள்ள எட்னா அக்காவுக்கு, ஒஹையோவிலிருந்து தம்பி அட்லி ஹெர்ஷ்பெர்கர் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். இண்டியானாவில் நீயும் அத்தானும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். முதல் புல் அறுப்பு முடிந்து கொட்டில் நிறைந்துவிட்டது. அந்த வாசனையில் மத்தியானமெல்லாம் எனக்கு ஒரே கிறக்கமாக இருக்கிறது. மகள் மிரியம் நாற்பது பாட்டில் ஸ்ட்ராபெரி ஜாம் போட்டாள்.

உன் கடிதம் வந்தது. "நெல்லிக்கு ஊசி போட்டாயா, இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் எழுது, கதை எழுதாதே" என்று கேட்டிருக்கிறாய். இல்லை. ஆயிற்றா, ஒரே வார்த்தை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நீ அங்கே ஊரெல்லாம் என்ன பேசுவாய் என்று எனக்குத் தெரியும், அதனால் மீதியையும் எழுதிவிடுகிறேன்.

காரும் மின்சாரமும் வேண்டாம் என்கிற எங்கள் சபையில்கூட இதற்குத் தடை ஒன்றும் கிடையாது. பிஷப்பைக் கேட்டால், "உன் குதிரை, உன் மனசாட்சி" என்று சொல்லித் தாடியைத் தடவிக்கொள்கிறார். ஏப்ரல் கடைசியில் மாப்பிள்ளை வேய்ன் தன் கொட்டிலுக்கே கால்நடை டாக்டரை வரவழைத்து, அக்கம்பக்கத்துக் குதிரைகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி ஊசி போட ஏற்பாடு செய்தான். முதல் நாள் என்னிடம் வந்து, "மாமா, கொசு கடிச்சா மூளைக் காய்ச்சல் வருது. ஆணி குத்துனா தாடை இறுகிப்போகுது. போதாததுக்கு இந்தச் சளிக்காய்ச்சல் வேற. எல்லாத்துக்கும் சேர்த்து ரெண்டு மூணு குத்துதான். உங்களுக்கு என்ன வலிக்குது?" என்றான். "வலி நெல்லிக்கு" என்றேன். மறுநாள் நெல்லியைப் பின்புற மேய்ச்சல் நிலத்தில் விட்டுவிட்டு, அவளுக்கு வயிறு உப்பியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். அது பொய்தான். ஒத்துக்கொள்கிறேன்.

காரணம் வலி இல்லை, அக்கா. ரோமன் மாஸ்ட் சொன்ன சேதிதான் காரணம். அவன் போன வருஷம் தன் குதிரைக்கு ஊசி போட்டான். "சனிக்கிழமை போட்டேன் அட்லி. திங்கக்கிழமை மரக்கடைக்குக் கிளம்புறேன், இது நேரா பழைய முதலாளி வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்துது! எனக்கு வித்து நாலு வருஷம் ஆச்சு. மூளையில இருந்த வழியையெல்லாம் ஊசி கழுவிடுச்சு" என்றான். நீ சிரிப்பாய். நான் சிரிக்கவில்லை. என் மனைவி மேட்டி கர்த்தரிடம் போன பிறகு எனக்கு வழி பார்த்து ஓட்டப் பிடிக்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து கடிவாள வார்களைத் தொடையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினால், நெல்லி என்னைச் சோளக்காடுகளுக்கு நடுவே, மரப்பாலத்தின் மேல், சுண்ணாம்புக் குன்றைச் சுற்றி, எங்கோ மேகத்துக்குள் போவது போலக் கொண்டுபோய், நான் கண் திறக்கும்போது எங்கள் வாசலில் நிற்பாள். ஏலத்தில் அவளைப் பார்த்து, "இதுக்குப் புத்தி இருக்கு, வாங்குங்க" என்று சொன்னவளே மேட்டிதான். அந்தப் புத்தியில் ஊசி குத்த நான் எப்படிச் சம்மதிப்பேன்? நெல்லியும் வழியை மறந்துவிட்டால் நான் வீடு போய்ச் சேருவது எப்படி?

இனி, மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். அன்று ஆராதனை ரோமன் வீட்டில். முப்பத்தெட்டு வண்டிகள், எல்லாம் கறுப்பு. முப்பத்தெட்டுக் குதிரைகள், எல்லாம் பந்தயத் திடலிலிருந்து கழித்துவிடப்பட்டு வந்தவை, எல்லாம் செம்பழுப்பு. மூன்று மணி நேரப் பிரசங்கம். பொய் சொல்லும் நாவைப் பற்றித்தான் பேசினார்கள், நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவிச் சாப்பிட்டு, ஊறுகாயும் காபியும் ஆனதும், வெயிலில் எனக்குக் கண் சொக்கிவிட்டது. நெல்லியைக் கட்டிய இடத்துக்குப் போய் அங்கே நின்றவளை அவிழ்த்து, சேணம் மாட்டி, வண்டியில் பூட்டிக் கிளம்பிவிட்டேன். நடுவில் வெயில் ஏறியதால் ரோமன் வீட்டார் குதிரைகளை நிழல் பார்த்து மாற்றிக் கட்டியிருந்தது எனக்குத் தெரியாது.

கண்ணை மூடினேன். மேட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்தும் அந்த நீல உடுப்பில் இருந்தாள். அவள் முழங்கை என் விலாவில் பட்டது. "இது நம்ம பாதை இல்லையே" என்றாள். "பேசாம வா, நெல்லிக்குத் தெரியும்" என்றேன். "தெரியும், தெரியும்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தாள். குளம்புச் சத்தம் தூரத்தில் யாரோ கதவு தட்டுவது மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றதும் கண் விழித்தேன். பியோனிப் பூக்கள் பூத்த ஒரு வாசல். எங்கள் வாசலில் பியோனி கிடையாது. கல்லறைக்கு அந்தப் பக்கம் இருக்கும் விதவை சவில்லா மில்லருடைய வீடு அது. என் வண்டியை இழுத்து வந்தது அவளுடைய ரோஸி! சவில்லாவோ, மிஞ்சி நின்ற நெல்லியைத் தன் வண்டியில் பூட்டிக்கொண்டு, ஆளுக்குச் சில பக்கம் எழுதிச் சேர்த்து வீடு வீடாக அனுப்பும் சுற்றுக் கடிதம் இண்டியானாவிலிருந்து வந்ததைப் படித்தபடியே போயிருக்கிறாள். பதினாறு பக்கமாம். நெல்லி அவளை நேராக என் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அதில் ஆறு பக்கம் நீ எழுதியது என்று கேள்விப்பட்டேன், ஆகவே பாதிக் குற்றம் உன்னுடையது.

நான் ரோஸியை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது சவில்லா என் சமையலறை நடுவில் நின்று, நாலு நாள் பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த வீட்டுக்கு வழி தெரியுற ஒரே ஆளு குதிரைதான் போல. உங்களுக்கு அடுப்புக்கே வழி தெரியலையே" என்றாள். அப்புறம், "ரோஸிக்கு ஏப்ரல்ல ஊசி போட்டேன். என் வீட்டை ஒரு அடி தப்பாமக் கண்டுபிடிச்சுதா இல்லையா?" என்று கேட்டாள். அது தற்செயல் என்று சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை நெல்லி இருமினாள். ஆராதனை அன்று வேற்றூர் விருந்தாளி ஒருவருடைய குதிரை ரோமன் கொட்டிலில் இருமிக்கொண்டே நின்றதாம். ஊசி போடாத ஒன்பது குதிரைகள் படுத்தன, ஊசி போட்டவை புல் தின்றுகொண்டிருந்தன. டாக்டர் வந்து பார்த்து, "சளிக்காய்ச்சல். மருந்து ஓய்வுதான். எத்தனை நாள் காய்ச்சலோ அத்தனை வாரம் வண்டி கிடையாது" என்றார். காய்ச்சல் மூன்று நாள், ஓய்வு மூன்று வாரம். இதிலேயே என் கட்சி ஜெயித்துவிட்டது பார். நெல்லிக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் விடுமுறை இது. ரோஸிக்கு ஊசி போட்டதால் பாவம், ஒரு நாள் கூட லீவு கிடைக்கவில்லை.

ஆனால் இரண்டாம் நாள் நெல்லி வைக்கோலில் படுத்துக்கொண்டு, நான் கூப்பிட்டதற்குக் காதைக்கூடத் திருப்பவில்லை. மூச்சு துருத்தி போல இரைந்தது. பயந்துவிட்டேன், அக்கா. மேட்டிக்கு அப்படித்தான் இரைந்தது. நான் நெல்லியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மதியமா சாயங்காலமா என்று தெரியவில்லை. கொட்டிலின் பலகை இடுக்குகளில் வெயில் விழுந்து, தூசி பொன்னாக மிதந்து மிதந்து ஏறிக்கொண்டிருந்தது. சவில்லா ஒரு தூக்கில் நூடுல்ஸ் சூப்போடு வந்து நின்றாள். "ஊசி போடாம விட்டது பிடிவாதம், சரி. இப்ப சாப்பிடாம உக்காந்திருக்கீங்களே, இது என்ன, பக்தியா?" என்றாள். பிறகு நெல்லியின் மூக்கைத் தன் ஏப்ரனாலேயே துடைத்தாள். அப்புறம் தினமும் மத்தியானம் வந்தாள். நாலாம் நாள் நெல்லி எழுந்து அவள் கையிலிருந்த ஆப்பிளைத் தின்றாள், என் கையிலிருந்ததைத் தொடவில்லை.

ஆக, இதையெல்லாம் யோசித்துப் பார்த்து நான் எடுத்திருக்கும் முடிவு உறுதியானது: நெல்லிக்கு ஊசி கிடையாது, வழி தெரிந்த குதிரையே எனக்குப் போதும். இந்த விஷயமாக இனி நீ எழுத வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் தலையில் என் சார்பில் கை வைத்து ஆசீர்வதி. ஆண்டவர் உங்கள் வாசலையும் கொட்டிலையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் சொல் கேளாத தம்பி,
அட்லி

பின்குறிப்பு: இந்தக் கடிதம் ஆறு வாரமாகத் தபாலில் சேராமல் கிடந்துவிட்டது. போன வியாழக்கிழமை நெல்லிக்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று. தலையைப் பிடித்துக்கொண்டது நான், கண்ணை மூடிக்கொண்டதும் நான்தான். சனிக்கிழமை கடையிலிருந்து திரும்பும்போது வண்டி சவில்லா வீட்டு வாசலில் போய் நின்றது. இதைக் கேட்டதிலிருந்து ரோமன், "நான் சொன்னேனா இல்லையா!" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். நான் மறுக்கவில்லை. உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். உங்கள் ஊரில் எல்லோரையும் குதிரைகளுக்கு ஊசி போடச் சொல், வழி ஒன்றும் மறக்காது. அன்று கல்லறை முக்கில் நெல்லி வீட்டுப் பக்கம்தான் திரும்பினாள். நான் தூங்கவில்லை. இடது வாரை இழுத்தது நான்தான். சவில்லா கதவைத் திறந்து, "என்ன, வழி மறந்துடுச்சா?" என்று கேட்டாள். "ஊசி போட்டாச்சு" என்றேன். அவள் நெல்லியைப் பார்த்தாள், வாரை இறுக்கிப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள். "அப்படின்னா இறங்கி உள்ள வாங்க. அதுக்கு ஞாபகம் வர்ற வரைக்கும் காபி குடிச்சிட்டிருக்கலாம்" என்றாள்.