ஒருத்திக்கு மட்டும் திறக்கும் கதவு

திரையில் மறுபடியும் அதே சிவப்பு வரி. கண்ணாடிக்கடைக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். வரி அங்கேயேதான் இருந்தது.

"இந்த எடத்துல சமக்குறி வரக் கூடாதாமே! ஏன் வரக் கூடாது? ஒண்ணாங் கிளாஸ்லேருந்து சமம்னா இதானே?"

"என்கிட்டயா சார் கேக்கறீங்க?" என்று சமையலறைத் தொட்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. குழாய் ரிப்பேருக்கு வந்தவர். அந்தத் தெருவே அவரை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடும்.

"உங்கிட்ட இல்லப்பா. நீ வேலையப் பாரு."

உள்ளறையில் பெட்டி கட்டும் சத்தம் கேட்டது. சாயங்காலம் மனைவி தன் அம்மாவோடு ஊருக்குக் கிளம்புகிறாள். எப்போது திரும்புவாள் என்று அவருக்குத் தெரியாது. கூட்டிப்போக வந்திருந்த மாமியாரோ கூடத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார்.

தப்பு முழுக்க இவர் பேரில்தான். போன வாரம் மனைவி புது ஃபிரேம் பார்க்க இவர் கடைக்கே போயிருக்கிறாள். இவர் வழக்கம்போல, "அடடா, உங்க முகத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு!" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார். நிமிர்ந்தும் பார்க்காமல், "உக்காருங்கம்மா, பேரு சொல்லுங்க" என்றும் கேட்டுத் தொலைத்தார்.

"கடைக்கு வர்ற எல்லாரும் உங்களுக்கு ஒண்ணு. அதுல நானும் ஒருத்தி, அவ்வளவுதானே?" என்றவள், அதற்குப் பிறகு அவரிடம் வாய் திறக்கவில்லை.

வாயால் சமாதானம் செய்யலாம் என்றால், அந்த வாய்தான் இப்போது செல்லாக்காசாகிவிட்டதே! அதனால்தான் இந்த விளையாட்டு. கடையில் ஆள் இல்லாத நேரங்களில் லுவா என்ற கணினி மொழியைக் கொஞ்சம் கற்று, ஒரு பந்தைத் துள்ளவைக்கும் அளவுக்குத் தேறியிருந்தார். அந்தத் தெம்பில் ஒரு கோட்டை கட்டினார், அதற்கு ஒரு கதவு வைத்தார். வருகிறவர் பெயரைத் தட்டெழுத வேண்டும். 'மின்னல்' என்று எழுதினால் மட்டும் கதவு திறந்து பூ கொட்டும், அவர் குரல் பேசும். வேறு பெயர் என்றால் அதே குரல் திருப்பி அனுப்பிவிடும். மின்னல் என்பது அவர் மனைவிக்கு வைத்த செல்லப்பெயர்.

'வந்தவர் = மின்னல் என்றால் கதவைத் திற' என்பது அவர் எழுதிய கட்டளை. அதைத்தான் கணினி ஏற்க மறுத்தது.

"நீ என்ன மறுக்கறது!" என்று அந்த 'வந்தவர் = மின்னல்' என்ற பகுதியைப் பிய்த்து மேலே தனி வரியாகப் போட்டார். கீழே, 'வந்தவர் இருந்தால் கதவைத் திற' என்று சுருக்கினார். சிவப்பு மறைந்தது. 'மின்னல்' என்று அடித்துப் பார்த்தார். கதவு திறந்தது! மனிதருக்கு வாயெல்லாம் பல்.

"இந்தாம்மா, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போயேன்!" என்று உள்ளறைக் கதவருகே போய்க் கெஞ்சினார். பதிலுக்குப் பெட்டியின் ஜிப்தான் பேசியது.

அதற்குள் மாமியார் சும்மா இருக்காமல், கணினி முன் உட்கார்ந்து தன் பெயரை அடித்துவிட்டார். பூ கொட்டியது. ஒலிபெருக்கியில் மாப்பிள்ளையின் குரல் உருகியது: "வாடா கண்ணு! உன்னைத் தவிர என் கண்ணுக்கு வேற யாருமே தெரியறதில்ல!"

மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "இருக்கட்டும் மாப்பிள்ள... வயசுல பெரியவங்கள 'வாடா'ன்னு சொல்லாம இருந்தா இன்னும் நல்லாருக்கும்."

"அத்தை, அது உங்களுக்கு இல்ல!"

"எனக்குத்தானே சொல்லிச்சு?"

உள்ளறையிலிருந்து, "அம்மாவுக்குமா? நல்லாருக்கு!" என்ற குரல் மட்டும் வந்தது.

அரக்கப்பரக்கப் பாடப் பக்கத்தைப் புரட்டினார். இரண்டு பொருள் ஒன்றுதானா என்று கேட்க இரண்டு சமக்குறி போட வேண்டுமாம். கீழ்வரியில் 'வந்தவர் == மின்னல் என்றால்' என்று திருத்தினார். மேல்வரியை விட்டுவிட்டார். ஓடுகிற வரியில் எதற்குக் கை வைப்பது என்கிற பயம்.

"ஸ்பேனர், இங்க வா. உன் பேர அடி."

ஸ்பேனர் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் அடித்தார். பூவாய்க் கொட்டியது. "வாடா கண்ணு!" என்று தொடங்கி ஒரு வார்த்தை குறையாமல் குரல் உருகி முடித்தது.

"சார்," என்றார் ஸ்பேனர், தரையைப் பார்த்தபடி, "எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு சார்."

பெட்டியோடு வெளியே வந்த மனைவி இதைக் கேட்டுக்கொண்டே போனாள். போகிற போக்கில் அம்மாவிடம், "கார் வந்துடுச்சான்னு பாரும்மா" என்றாள்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாருக்கும் திறந்தால் திருப்பிப் போட வேண்டியதுதானே என்று, 'இரண்டும் ஒன்று இல்லை என்றால்' என்கிற குறியைத் தேடிப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். 'மின்னல்' என்று அடித்துவிட்டு, "இப்ப பாரு!" என்று கத்தினார். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

"யாருங்க நீங்க? இது ஒருத்திக்கு மட்டும் திறக்கற கதவு. நீங்க போயிட்டு வாங்க!" என்றது அவர் குரல், முழுச் சத்தத்தில்.

"போறேன். அதுக்குத்தானே கார் சொல்லியிருக்கேன்" என்றாள் அவள். அத்தனை நாள் கழித்து அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மனிதர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். வந்தவர் = மின்னல். அந்த வரியையே வெறித்துப் பார்த்தார். யார் வந்தாலும், யாரென்று கேட்காமலேயே, அவர்கள் தலையில் ஒரே பெயரை ஒட்டிக்கொண்டிருந்தது அது. கேட்கவே இல்லை! ஒற்றைக் குறி போட்டால் அது கேள்வி இல்லை, ஆளையே மாற்றிவைப்பது. கடையில் அவர் நாளெல்லாம் செய்வதும் இதே வேலைதான்.

மேல்வரியை அழித்தார். கீழே இரண்டு சமக்குறியைத் திரும்ப வைத்தார். சோதித்துப் பார்க்க நேரமில்லை. வாசலில் காரின் ஹாரன் கேட்டது.

"ஒரே ஒரு தடவை. இதுக்கப்புறம் நீ போறதுன்னா போ. நான் தடுக்க மாட்டேன். அன்னிக்கு உன்ன நிமிந்து பாக்காதது என் தப்புதான்."

அவள் தயங்கினாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

சுவரைப் பார்த்து நின்றார். பின்னால் விசைகள் தட்டும் ஓசை. கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"யாருங்க நீங்க? இது ஒருத்திக்கு மட்டும் திறக்கற கதவு. நீங்க போயிட்டு வாங்க!"

முடிந்தது. திரும்பவே பயமாக இருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. நாற்காலி நகர்ந்தது, காலடி நகர்ந்தது. வாசல் பக்கம் "காரை அனுப்பிடும்மா" என்று அவள் குரல் கேட்டது. அப்புறம் பெட்டி உள்ளறைக்கு உருண்டு போகும் சத்தம்.

ஒன்றும் புரியாமல் திருதிருவென்று முழித்துக்கொண்டு திரும்பினார். கருவிப் பையைத் தோளில் மாட்டியபடி நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த ஸ்பேனர் மெல்லச் சொன்னார்:

"அக்கா அடிச்சது என் பேரு, சார்."