வட்டவிதானைக் காக்காவின் பத்தடிக் குளம்

கல்முனைக்குடியில் தன் நிழலையே மறித்து நிறுத்தி, "எங்க போறாய்?" என்று விசாரிக்கக்கூடிய ஒரே மனிதர், ஊரே அண்ணன் முறை சொல்லி அழைக்கும் வட்டவிதானைக் காக்காதான். மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுக் கொடுக்கும் வட்டவிதானை வேலையை முப்பது வருடம் பார்த்தவர். தண்ணீர்க் கள்ளர்களைத் தேடித் தேடியே அவருடைய கண்கள் இடுங்கிப்போயின என்பார்கள். ஓய்வு பெற்ற பின்னும் அவை விரியவில்லை.

எங்கள் பின்வளவில் மகள் சஃபாவும் அவள் உம்மாவும் சேர்ந்து பத்தடி நீளத்தில் ஒரு குளம் தோண்டியதும், அடுத்த தெருவிலிருந்து மோப்பம் பிடித்து வந்துவிட்டார்.

எனக்குக் குளத்தில் துளியும் விருப்பமில்லை. போன மாரியில் சஃபாவுக்கு டெங்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இருந்து அவளுடைய இரத்த அறிக்கைகளை மாறி மாறி வாசித்தவன் நான். இப்போதும் காதருகே 'ஙொய்' என்றால் எழும்பி விளக்கைப் போட்டுத் தேடுவேன். மற்றவர்கள் அந்தத் தண்ணீரில் ஆம்பலைப் பார்த்தார்கள். நான் நுளம்பைப் பார்த்தேன். "நுளம்புட புழு, ஒரு குடம்பியைக் கண்டாலும் மண் போட்டு மூடிருவன்" என்று சொல்லி வைத்தேன். சஃபா தலையாட்டினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அந்தக் குளத்தை மட்டும்தான்.

காக்கா வந்த அன்றே கோடு கீறிய தடி ஒன்றைக் குளத்தில் நட்டார். மறுநாள் தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருந்தது.

"ஆரோ குடிக்கான்."

"வெயில், காக்கா."

"வெயிலுக்கு இவ்வளவு தாகம் வராது, தம்பி." அவர் பார்வை தென்னைமரத்தில் போய் நின்றது. "பாத்தியா, வாயத் திறக்குதில்ல!"

என் மனைவி கொண்டு வந்து மிதக்கவிட்ட ஆற்றுவாழையை வேரோடு தூக்கி எறிந்தார். "இது பூவக் காட்டி உள்ள வரும், புள்ள. மறுகா குளத்தையே எழுதி எடுத்திரும்." ஆம்பலுக்கு மட்டும் அனுமதி, அதுவும் மூன்றில் ஒரு பங்கு இடம். குறுக்கே கயிறு கட்டி, எல்லை தாண்டிய இலையை அன்றன்றே நறுக்கினார். குடம்பியைத் தின்னட்டும் என்று விட்டிருந்த கப்பி மீன்களுக்குத் தீனி போடத் தடை. "வகுறு நிரம்பினவன் காவல் செய்வானா?" யாரோ தந்த திலாப்பியாக் குஞ்சைப் பார்வையிலேயே பிடித்துவிட்டார். "கப்பிட குடும்பம் முழுக்க இவன்ட வகுத்துக்குள்ள இரிக்கி."

இதெல்லாம் சரி. ஆனால் பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் தினமும் வந்து, சட்டையைக் கழற்றி, சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்து, குளக்கரைக் கல்லில் அசையாமல் உட்கார்ந்திருந்தாரே, அது எதற்கு? சஃபா குர்ஆன் மத்ரசாவிலிருந்து வருவதற்குச் சற்று முன் எழுந்து போய்விடுவார். நான் குசினி ஜன்னலால் உளவு பார்த்துக்கொண்டிருப்பேன்.

"அவர் குளத்தச் சந்தேகப்படுறார், நீங்க அவரச் சந்தேகப்படுறீங்க. நல்ல சோடி," என்றாள் மனைவி.

ஒரு காலை தண்ணீருக்கடியில் பழுப்பாக ஏதோ நெளிந்தது. நான் இரண்டாம் முறை பார்க்கவில்லை. உழவு மெசினின் இழுவைப் பெட்டி நிறைய மண் கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.

மெசின் வாசலில் வந்து நின்றது. பின்னாலேயே காக்காவும் வந்தார். சஃபா அழவில்லை. கப்பிகளை வாளிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"கூட்டம் வெக்காம தண்ணி திறக்கவும் ஏலா, மூடவும் ஏலா," என்றார் காக்கா. வயலில் அதுதான் சட்டம். விதைப்புக்கு முன் எல்லோரும் கூடிப் பேசிய பிறகே வாய்க்கால் திறக்கும். மெசின்காரரையும் இறக்கி, "நீங்கதான் பொதுமக்கள்" என்று குந்த வைத்தார்.

பிறகு வெள்ளைக் கோப்பையில் அந்த ஜந்துவை அள்ளி என் மூக்கடியில் நீட்டினார். ஆறு கால், முழித்த கண்.

"இது தும்பிட புள்ள. குடம்பியத் திண்டுதான் வளரும். உன்ட மகள்ட காவல்காரனத்தான் நீ மண்ணுக்குள்ள வெக்கப் பாத்தாய்."

"நீங்க மட்டும் எப்படி இத நம்புறீங்க? சொந்த நிழலையே நம்பாத ஆள்!"

"ஆரு நம்பின?" காக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு மாசமா அசருக்குப் பிறகு சேட்டில்லாமக் குந்தி இரிக்கன், ஒண்டாவது கடிக்குதா எண்டு பாக்க. புள்ள இங்க வாற நேரமெல்லவா அது? இருந்தா எனக்குத்தானே முதல்ல கடிக்கணும்!"

கோப்பையை வாங்கித் தும்பிப் புள்ளையைத் திரும்பக் குளத்தில் விட்டேன்.

"அப்ப மண்ண எங்க கொட்டுற?" என்று பொதுமக்கள் கேட்டார்.

மாரியில் தண்ணீர் தேங்கும் கேற்றடிப் பள்ளத்தில் கொட்டினோம். சஃபா கப்பிகளைத் திரும்பவும் குளத்தில் விட்டாள்.

காக்கா இப்போது அக்கரைப்பற்றில் மகள் வீட்டில் இருக்கிறார். போகும்போது, "உன்னையும் முழுசா நம்பேலா" என்று சொல்லித்தான் குளத்தை ஒப்படைத்தார். அசர் முடிந்ததும் இப்போது நான் சட்டையைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லில் உட்காருகிறேன். ஒரு நுளம்பும் கடிப்பதில்லை. கல்லின் பாதியை மட்டும் அவருக்கு விட்டே உட்காருகிறேன்.